வாக்கி டாக்கி வாங்கினால் மட்டும் போதுமா?

ஒவ்வொரு புயல் வந்து போன பிறகும் புதுச்சேரியில் ஒரு யோசனை முளைக்கும். "அடுத்த தடவை ஆளுக்கு ஒரு வாக்கி டாக்கி வாங்கி வச்சுக்கணும்பா." முதலியார்பேட்டை டீக்கடையாக இருந்தாலும் சரி, லாஸ்பேட்டை கல்லூரி கேன்டீனாக இருந்தாலும் சரி, வசனம் இதுதான். இந்த யோசனையில் பாதி சரி. மீதிப் பாதிதான் ஆளைக் கவிழ்க்கும்.

முதலில் சரியான பாதி. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் நடுவில் கரையேறியது. மரங்களும் மின்கம்பங்களும் சாய்ந்தன. பல இடங்களில் கரண்ட் வர நாள் கணக்கில் ஆனது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. 24 மணி நேரத்தில் நகரில் 46 செ.மீ. மழை கொட்டியது. தண்ணீரில் சிக்கியவர்களை மீட்க ராணுவம் வந்தது. இப்படிப்பட்ட நேரத்தில் செல்போனை மட்டும் நம்புவது எவ்வளவு பெரிய அசட்டுத்தனம்! செல்போன் கோபுரத்துக்கும் கரண்ட் வேண்டும். கரண்ட் போனால் பேட்டரி சில மணி நேரம் தாங்கும். அதற்குப் பிறகு டீசல் ஜெனரேட்டர். டீசல் கொண்டு போகும் வண்டி எந்த வழியாகப் போகும்? இடுப்பளவு தண்ணீர் நிற்கும் அதே ரோடு வழியாகத்தான். கோபுரம் உயிரோடு இருந்தாலும் ஊரே ஒரே நேரத்தில் போன் போட்டால் லைன் கிடைக்காது.

ஆகவே தனியாக இயங்கும் இருவழி ரேடியோ வேண்டும் என்பதில் சண்டையே இல்லை. எதை வாங்குவது, வாங்கிய பிறகு என்ன செய்வது என்பதில்தான் சண்டை.

ஒரு தெருக் குழு என்ன செய்யும் என்று கற்பனை செய்து பாருங்கள். இணையக் கடையில் தேடும். "5 வாட், 10 கிலோமீட்டர் ரேஞ்ச்" என்று போட்டிருக்கும் மலிவான சீன செட்டில் நாலு வரவழைக்கும். மொட்டை மாடியில் நின்று "ஓவர் ஓவர்" என்று பேசிப் பார்க்கும், போட்டோ எடுக்கும், பிறகு பீரோவில் வைத்துப் பூட்டும். அடுத்த புயலில் எடுத்தால் சார்ஜ் இருக்காது. சார்ஜ் இருந்தாலும் இரண்டு தெரு தள்ளிப் பேச்சு போகாது.

அதைவிடப் பெரிய வம்பு சட்டம். 1933-ஆம் ஆண்டு வயர்லெஸ் தந்திச் சட்டம் தொடங்கி 2023-ஆம் ஆண்டு தொலைத்தொடர்புச் சட்டம் வரை அடிப்படை விதி ஒன்றுதான்: விலக்கு இல்லாத ரேடியோ கருவியை அனுமதி வாங்காமல் வைத்திருக்கக் கூடாது. உரிமம் இல்லாமல் யாரும் பேசலாம் என்று 2018-ல் 446.0 முதல் 446.2 மெகாஹெர்ட்ஸ் வரை ஒரு சின்ன அலைவரிசைத் துண்டைத் திறந்துவிட்டார்கள். குறைந்த சக்தி செட் மட்டும்தான் அதில் செல்லும். அதற்கும் இ.டி.ஏ. என்ற வகை ஒப்புதல் இருக்க வேண்டும். இணையத்தில் கொட்டிக் கிடக்கும் 5 வாட் செட்கள் இந்தக் கட்டத்துக்குள் வருவதில்லை. போலீஸ், தீயணைப்பு போன்ற துறைகள் பேசும் பகுதிகளிலும் பலவற்றால் குறுக்கே பாய முடியும். மீட்புப் படையின் பேச்சைக் கெடுத்துவிட்டு "உதவி செய்தோம்" என்றால் யார் ஒப்புக்கொள்வார்கள்? 2025 மே மாதம் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 13 விற்பனைத் தளங்களுக்கு நோட்டீஸ் அனுப்பியது இதற்காகத்தான். அலைவரிசை என்ன, உரிமம் வேண்டுமா என்று சொல்லாமலேயே விற்றிருக்கிறார்கள். வாங்கியவர்களும் கேட்கவில்லை.

சரி, சட்டத்தை விடுங்கள். பௌதிகம் விடுமா?

வாக்கி டாக்கி அலை ஏறக்குறைய நேர்கோட்டில் போகும். பூமி உருண்டை. எனவே ஆன்டெனா எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ அந்த அளவுக்குத்தான் தூரம். கணக்கு ரொம்ப எளிது. உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 4.12-ஆல் பெருக்கினால் ரேடியோ அடிவானம் எத்தனை கிலோமீட்டர் என்று வரும். தரையில் நிற்பவர் கையில் 1.5 மீட்டர் உயரத்தில் செட் இருந்தால் 5 கி.மீ. எதிரில் இருப்பவருக்கும் 5. மொத்தம் 10. பெட்டியில் போட்டிருக்கும் "10 கிலோமீட்டர்" இதுதான்! இடையில் ஒரு சுவர்கூட இல்லாத வெட்டவெளிக் கணக்கு. கடலூர் சாலையின் கான்கிரீட் கட்டிடங்களுக்கு நடுவில் ஒன்று, இரண்டு கி.மீ. போனாலே பெரிய விஷயம்.

"அப்போ வாட்டைக் கூட்டுவோம்" என்பார்கள். அரை வாட்டை 5 வாட் ஆக்கினால் சக்தி பத்து மடங்கு. ஆனால் தடையே இல்லாத வெளியில்கூட தூரம் மூன்று மடங்குக்குக் கொஞ்சம் மேல், அவ்வளவுதான். அடிவானமோ ஒரு அங்குலம்கூட நகராது.

இப்போது ஆன்டெனாவை 30 மீட்டர் உயரத்தில் வையுங்கள். அடிவானம் 22 கி.மீ.க்கு மேல். கீழே நிற்பவரின் 5-ஐயும் சேர்த்தால் 27. உயரத்தில் உட்கார்ந்து, ஒரு பக்கம் கேட்டதை அதே நொடியில் மறுபக்கம் திருப்பிச் சொல்லும் அந்தக் கருவிக்குப் பெயர்தான் ரிப்பீட்டர். புதுச்சேரி தட்டையான ஊர்தான். ஆனால் வடமேற்கே கோரிமேடு என்று பெயரிலேயே மேடு இருக்கிறது. அங்கே ஒரு உயரமான கட்டிடத்தின் தலையில் ஆன்டெனா வைத்தால், காகிதக் கணக்கைப் பாதியாக வெட்டினாலும் வில்லியனூரும் நல்லவாடும் உள்ளே வந்துவிடும். நாலு செட் வாங்கும் காசை நாற்பது செட்டாகப் பெருக்கினாலும் கிடைக்காத தூரம் இது.

ரிப்பீட்டர் மந்திரப் பெட்டி கிடையாது. கேட்பது ஒரு அலைவரிசையில், பேசுவது இன்னொன்றில். அமெச்சூர் வானொலியின் 144-146 மெகாஹெர்ட்ஸ் பகுதியில் இந்த இடைவெளி வழக்கமாக 0.6 மெகாஹெர்ட்ஸ். உதாரணமாக ரிப்பீட்டர் 145.700-ல் பேசினால், செட் 145.100-ல் அனுப்ப வேண்டும். "ரிப்பீட்டர் செத்துப் போச்சு" என்று வரும் புகார்களில் பாதி இந்த இடைவெளியைத் தப்பாகப் போட்டதால் வருவது. அடுத்த சந்தேகம் டோன். 88.5 ஹெர்ட்ஸ் போல காதில் விழாத ஒரு மெல்லிய சுரத்தைச் செட் கூடவே அனுப்பினால்தான் ரிப்பீட்டர் கதவைத் திறக்கும். டோன் போடாதவர் எவ்வளவு கத்தினாலும் திறக்காது. இரண்டும் சரியாக இருந்தும் பேச்சு கரகரவென்று வந்தால் ஆன்டெனா கேபிளையும் அதன் முனைகளையும் பார்க்க வேண்டும். கடற்கரை ஊரில் உப்புக்காற்று முதலில் தின்பது அதைத்தான். பக்கத்தில் நின்றால் கேட்கிறது, தள்ளிப் போனால் ரிப்பீட்டருக்குக் காது மந்தமாகிறது என்றால் டூப்ளெக்சர் கோளாறாக இருக்கலாம். மெகாபோனில் கத்திக்கொண்டே கிசுகிசுப்பைக் கேட்கச் சொன்னால் முடியுமா? அந்த வேலையை ரிப்பீட்டருக்கு முடித்துத் தரும் வடிகட்டிதான் டூப்ளெக்சர்.

கடைசியாக பேட்டரி. ரிப்பீட்டர் சும்மா இருக்கும்போது அரை ஆம்பியர், பேசும்போது 5 ஆம்பியர் எடுக்கிறது என்றும், ஐந்தில் ஒரு பங்கு நேரம் பேசுகிறது என்றும் வைத்தால் சராசரி 1.4 ஆம்பியர். 100 ஆம்பியர்-அவர் லெட் ஆசிட் பேட்டரியில் பாதியைத்தான் எடுக்கலாம் என்றால் 35 மணி நேரம். தானே மாதிரி ஒரு புயலுக்கு இது பத்தாது. சோலார் பலகையோ இரண்டாவது பேட்டரியோ வேண்டும். இதெல்லாம் புயல் அன்று கற்றுக்கொள்ளும் பாடமா?

இந்தப் பாடம் இந்த மண்ணுக்குப் புதுசும் இல்லை. 1998-ல் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் வில்லியனூரை மையமாக வைத்து புதுச்சேரி கிராமங்களில் தகவல் மையங்களைத் தொடங்கியது. அப்போது கிராமத்தில் டெலிபோன் லைன் கிடைப்பதே குதிரைக் கொம்பு. விஎச்எஃப் இருவழி ரேடியோவையும் சோலார் மின்சாரத்தையும் வைத்துக் கிராமங்களை இணைத்தார்கள். வீராம்பட்டினத்தில் கடல் அலை உயரம் பற்றிய முன்னறிவிப்பை ஒலிபெருக்கியில் மீனவர்களுக்குச் சொன்னார்கள். நல்லவாட்டிலும் அப்படி ஒரு மையம் இருந்தது. 2004 டிசம்பர் 26 காலை, சிங்கப்பூரில் வேலை பார்த்த ஊர் இளைஞர் ஒருவர் செய்தி அறிந்து வீட்டுக்குப் போன் போட்டார். ஊர்க்காரர்கள் தகவல் மையத்தைத் திறந்து அதே ஒலிபெருக்கியில் எல்லோரையும் வெளியேறச் சொன்னார்கள். வீடுகளும் படகுகளும் போயின. மக்கள் பிழைத்தார்கள். காரணம், கருவி பீரோவில் தூங்காமல் தினமும் ஊருக்குப் பேசிக்கொண்டிருந்ததுதான்.

அதே நாளில் அந்தமானில், அப்போதைய போர்ட் பிளேரில் (இன்றைய ஸ்ரீ விஜயபுரம்), வேறு காரியத்துக்காக அமெச்சூர் ரேடியோவோடு போயிருந்த பாரதி பிரசாத், போன்கள் செத்த தீவுகளிலிருந்து வெளியுலகுக்குச் செய்தி கடத்தினார். அங்கே கை கொடுத்ததும் கருவியோடு சேர்ந்த பழக்கமும் உரிமமும்தான்.

"இதெல்லாம் அரசாங்கம் பார்க்கும் வேலை. போலீசிடம் வயர்லெஸ் இருக்கிறது, கலெக்டரிடம் சாட்டிலைட் போன் இருக்கிறது" என்று ஒரு கட்சி. இருக்கட்டுமே. அது அதிகாரிக்கும் அதிகாரிக்கும் நடுவில். உப்பனாற்று ஓரத்தில் டயாலிசிஸ் நோயாளி மாட்டிக்கொண்டால் அந்தச் செய்தியை அதிகாரியின் மேசை வரை கொண்டு போவது யார்? அந்த இடைவெளியை அடைக்கத்தான் அமெச்சூர் வானொலி. வழக்கமான தொலைத்தொடர்பு விழுந்த பேரிடர் நேரத்தில் பிறருக்கான செய்தியைக் கடத்த அதன் விதிகளே இடம் தருகின்றன.

"லைசன்ஸ் வாங்குவதற்குள் தலை நரைத்துவிடும்" என்று இன்னொரு கட்சி. இதில் நியாயம் உண்டு. விண்ணப்பம், தேர்வு, சரிபார்ப்பு, காத்திருப்பு என்று இழுத்தால் யாருக்கு ஆர்வம் வரும்? புதுச்சேரியிலேயே வருடத்துக்கு இரண்டு முறை தேர்வு நடத்துங்கள் என்று கேட்பது ஒன்றும் அதிகப்படி இல்லை. ஆனால் சாக்கு சொல்கிறவர்களும் கொஞ்சம் யோசிக்க வேண்டும். 12 வயது முடிந்தாலே எழுதக்கூடிய தேர்வு அது. ரெஸ்ட்ரிக்டட் பிரிவுக்கு மோர்ஸ் கூடத் தேவையில்லை. செமஸ்டருக்கு ஆறு பேப்பர் எழுதுகிறவர்களுக்கு இது ஒரு பாரமா?

காசு விஷயத்துக்கு வந்தால் இது வணிகவியல் முதல் வருடப் பாடம். செட் தனிச் சொத்து. வாங்கியவன் கையில் இருக்கும், வாங்கிய பெருமையும் அவனுக்கே. ரிப்பீட்டரோ பொதுச் சொத்து. பலன் எல்லோருக்கும், செலவு மட்டும் யாரோ ஒருவருக்கு. அதனால்தான் எல்லோரும் செட் வாங்குகிறார்கள், ஒருவரும் ஆன்டெனா கேபிள் வாங்குவதில்லை. இப்படிப்பட்ட சொத்தை நடத்த நகராட்சி, கல்லூரி, மீனவப் பஞ்சாயத்து போல ஒரு பொது அமைப்பு முன்வர வேண்டும். அப்போதும் கணக்குப் புத்தகத்தில் ஒரு தடவைச் செலவாக எழுதி மூடிவிடக் கூடாது. பேட்டரி தேய்மானம், கேபிள் மாற்றுவது எல்லாம் வருடா வருடம் வரும் செலவு. இன்சூரன்ஸ் பிரீமியம் கட்டுவது போல.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். தெருவுக்குள் பேச, ஒப்புதல் பெற்ற 446 மெகாஹெர்ட்ஸ் செட். வார்டுக்கு இரண்டு பேராவது அமெச்சூர் உரிமத்தோடு. அவர்களுக்காக உயரத்தில், பேட்டரியோடு, உரிமத்தோடு ஒரு ரிப்பீட்டர். வாரம் ஒரு நாள், மழை இருந்தாலும் இல்லாவிட்டாலும், பத்து நிமிடம் எல்லோரும் அதில் வந்து "இருக்கிறேன்" என்று சொல்லிவிட்டுப் போக வேண்டும். யாருடைய செட் பேசவில்லை, எந்தத் தெருவில் சிக்னல் விழவில்லை என்பது அந்தப் பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

வடகிழக்குப் பருவமழை வருடா வருடம் அக்டோபரில் தேதி சொல்லிவிட்டு வருகிற விருந்தாளி. அது வாசலில் நிற்கும்போது பீரோச் சாவியைத் தேடுகிறவர்கள், வாக்கி டாக்கி வாங்காமலே இருந்திருக்கலாம். காசாவது மிஞ்சியிருக்கும்.