அவருக்கு ஹாபி, ஆயாவுக்குக் கேஸ்

ஆய்வுப் பணிக்காக ஆறு மாதம் இங்கிலாந்தின் வடபகுதியில் ஒரு நகரத்தில் தங்கியிருந்தேன். நான்கு பேர் வாடகையைப் பங்கிட்டுக்கொண்ட வீடு. மாடி அறையில் இருந்தவர் சென்னைக்காரர், மென்பொருள் பொறியாளர். தங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாக யாரும் மதுவைத் தொட்டதில்லை என்று அறிமுகமான அன்றே சொன்னவர். ஒரு சனிக்கிழமை அவர் பெயருக்குப் பெரிய அட்டைப்பெட்டி ஒன்று தபாலில் வந்தது. வீட்டிலேயே சிவப்பு ஒயின் செய்வதற்கான கிட்.

சமையலறை மேசையில் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். கெட்டியாக்கிய திராட்சைச் சாறு ஒரு பை. ஈஸ்ட் ஒரு பாக்கெட். பென்டோனைட் என்ற களிமண் தூள். ஓக் மரச் சீவல்கள். நொதித்தலை நிறுத்தவும் ஒயினைத் தெளியவைக்கவும் சின்னச் சின்ன பாக்கெட்டுகள். செய்முறைத் தாளும் இருந்தது. வாளியைக் கிருமிநீக்கம் செய், சாற்றை ஊற்று, தண்ணீர் விட்டு 23 லிட்டர் ஆக்கு, ஹைட்ரோமீட்டரை மிதக்கவிடு, ஈஸ்டைத் தூவு, மூடிவை. அவர் அளந்தபோது ஹைட்ரோமீட்டர் 1.085 காட்டியது. ஈஸ்ட் சர்க்கரையைத் தின்னத் தின்ன அந்த எண் இறங்கும். 0.995-க்கு வந்தால் ஏறக்குறைய 12 சதவீத ஆல்கஹால். பிறகு வண்டலை விட்டு வேறு கலத்துக்கு மாற்றி, கலக்கி வாயுவை வெளியேற்றி, தெளியவைத்து, பாட்டிலில் அடைக்க வேண்டும். ஐந்தாறு வாரத்தில் முப்பது பாட்டில்.

மூன்றாம் நாள் இரவு தண்ணீர் குடிக்கக் கீழே இறங்கினேன். சமையலறை முழுக்க அந்த வாசனை. வாளியின் மூடியில் செருகிய ஏர்லாக்கில் குமிழிகள் வந்துகொண்டிருந்தன. எனக்கு உடம்பு கூசியது. அது ஊறல் வாசனை.

என் ஆயா ஊறல் போட்டவள். தாத்தா செத்த பிறகு, நான்கு பிள்ளைகளோடு, நிலமில்லாத சேரியில் அவளுக்கு வேறு என்ன வழி இருந்தது? அறுவடை இருந்தால் கூலி. இல்லாத மாதங்களில் வெல்லம், வேலம்பட்டை, தண்ணீர். பானையைக் குழிக்குள் புதைத்து, மேலே வைக்கோல் போட்டு மூடி, ஓடைக்கரையில் காத்திருப்பாள். பட்டை எதற்கு என்று சின்ன வயதில் கேட்டதற்கு, "அது போட்டாதான் காரம் நிக்கும்" என்றாள். ஓக் சீவல் எதற்கு என்று நான் கேட்டபோது, "டேனின் வேணும்ல, அதுதான் ஸ்ட்ரக்சர் கொடுக்கும்" என்றார் மாடி அறைக்காரர். இரண்டும் மரத்தின் துவர்ப்புதான். அவர் சொன்னதற்கு ரசனை என்று பெயர். ஆயா சொன்னதற்கு வாக்குமூலம் என்று பெயர்.

எனக்கு ஏழு வயதிருக்கும்போது போலீஸ் வந்தது. பானைகளை உடைத்தார்கள், ஊறலைத் தெருவில் கொட்டினார்கள், ஆயாவை ஜீப்பில் ஏற்றினார்கள். அந்தச் சாராயத்தை வாங்கிக் குடித்த ஊர்க்காரர்கள் எவர் வீட்டுப் பானையும் உடையவில்லை. பள்ளியில் பல வருடம் எனக்குச் 'சாராயக்காரி பேத்தி' என்றுதான் பெயர்.

ஆயா காய்ச்சி வடித்தது சாராயம், அவர் செய்தது வெறும் நொதித்தல், இரண்டும் ஒன்றா என்று கேட்கலாம். ஒன்றல்ல. அப்படியானால், வடிக்கவே தேவையில்லாத, ஒயினைவிட ஆல்கஹால் குறைந்த கள் ஏன் 1987 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் குற்றமாக இருக்கிறது? அதே மாநிலத்தில் 40 சதவீதத்துக்கு மேல் ஆல்கஹால் உள்ள பிராந்தியை 2003 முதல் அரசே டாஸ்மாக் கடைகளில் சில்லறையாக விற்கிறதே? அபாயத்தின் அளவை வைத்து எழுதப்பட்ட சட்டமாக இது தெரியவில்லை. செய்கிற கை யாருடையது, லாபம் யாருக்கு என்பதை வைத்து எழுதப்பட்டதாகவே தெரிகிறது. விசாரணையின்றிச் சிறையில் வைக்க உதவும் 1982-ஆம் ஆண்டுச் சட்டத்தை நாம் குண்டர் சட்டம் என்கிறோம். அதன் முழுப்பெயரில் முதலில் வருபவர் குண்டர் அல்ல, கள்ளச்சாராயக்காரர்.

இது நம் ஊரின் தனிக்கதையும் அல்ல. அமெரிக்காவில் 1920 முதல் 1933 வரை மதுவிலக்கு இருந்தது. ஆனால் அந்த வோல்ஸ்டெட் சட்டத்தின் 29-ஆம் பிரிவு, வீட்டில் தயாரிக்கும் ஆப்பிள் சைடருக்கும் பழச்சாறுகளுக்கும் ஒரு கதவைத் திறந்து வைத்தது. பழத்தோட்டக்காரர்கள் பிழைத்தார்கள். கெட்டியாக்கிய திராட்சைச் சாறு வீடுவீடாக விற்றது. இன்றைய கிட்டின் மூதாதை அதுதான். தொழிலாளிகள் குடித்த பீருக்கு அந்தக் கதவு இல்லை. வீட்டில் பீர் செய்வதற்குக் கூட்டாட்சிச் சட்டம் வழிவிட 1978 ஆனது. இங்கிலாந்தில் வீட்டு பீருக்கான உரிமத் தேவை 1963-இல் நீக்கப்பட்டது. விற்காதவரை இன்று அங்கே எவர் வேண்டுமானாலும் தன் வீட்டில் ஒயின் செய்யலாம்.

நம் அரசியல் நிர்ணய சபையிலும் இந்தக் கேள்வி எழுந்தது. 1948 நவம்பரில் மதுவிலக்கை வழிகாட்டு நெறியாகச் சேர்க்க முயன்றபோது, ஜெய்பால் சிங் முண்டா எழுந்து எதிர்த்தார். அரிசி பீர் ஆதிவாசிகளின் சடங்கிலும் வயல்வேலையிலும் கலந்தது, அதைத் தடுப்பது இந்நாட்டின் மூத்த குடிகளின் சமய உரிமையில் கைவைப்பது என்று வாதிட்டார். அவர் குரலை மீறி அது 47-ஆவது உறுப்பாக நிற்கிறது. அம்பேத்கரின் பட்டியல் சாதியினர் கூட்டமைப்பு 1951-இல் வெளியிட்ட தேர்தல் அறிக்கை மதுவிலக்கைக் கைவிடச் சொன்னது. ஆனால் அந்த அறிக்கையை எனக்கு வசதியாக வளைக்க முடியாது. மதுவிலக்கால் வீட்டுக்குள்ளேயே சாராயம் காய்ச்சப்படுகிறது, பெண்களும் பிள்ளைகளும் அதன் நடுவில் வாழ்கிறார்கள் என்பதும் அதன் கவலைகளில் ஒன்று. அந்தப் பிள்ளைகளில் ஒருத்தியாக இருந்த நான் அதை மறுக்க மாட்டேன்.

ஆகவே தோழர்களே, இது குடியைக் கொண்டாடும் கட்டுரை அல்ல. என் அப்பா குடித்தே செத்தார், அரசு முத்திரையிட்ட பாட்டிலில். கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் 2024 ஜூனில் அறுபதுக்கும் மேற்பட்டோர் செத்தார்கள். கூலி வேலை செய்தவர்கள், பலர் தலித்துகள். அவர்களைக் கொன்றது மெத்தனால். வெல்லமும் பட்டையும் ஊறி அந்த அளவு மெத்தனால் வராது. அது தொழிற்சாலைக் கரைப்பான், வியாபாரிகளின் கை வழியாகச் சாராயத்தில் கலக்கப்பட்டது. ஒவ்வொரு சாவுக்குப் பிறகும் மலையிலும் சேரியிலும் ஊறல் அழிக்கப்படும் புகைப்படம் வருகிறது. மெத்தனால் வந்த பாதையைப் பற்றிய செய்தி அதே வேகத்தில் வருவதில்லை.

கள்ளுக்கடையைத் திற என்ற கோரிக்கையையும் நாம் கண்ணை மூடிக்கொண்டு வழிமொழியக் கூடாது. அதைக் கேட்பவர்களில் தோப்புக்காரர்களும் இருக்கிறார்கள். மரம் ஒருவருடையது, ஏறி விழுந்து முதுகெலும்பு முறிவது இன்னொருவருடையது என்ற ஏற்பாடு அப்படியே இருந்தால் நமக்கு என்ன கிடைக்கும்? கள் சட்டபூர்வமானால் உரிமம் ஏறுபவரின் கூட்டுறவுக்குப் போக வேண்டும், அவருக்குக் காப்பீடு வேண்டும். பிழைப்புக்காக ஊறல் போட்டவர்கள் மீதுள்ள பழைய வழக்குகள் நீக்கப்பட வேண்டும். மெத்தனால் எங்கிருந்து எங்கே போகிறது என்பதைக் கண்காணிப்பதில் போலீஸின் முழு பலமும் இறங்க வேண்டும். மதுவருமானத்தை நம்பி ஆட்சி நடத்துவதை அரசு குறைத்துக்கொள்ள வேண்டும். இவை நான்கும் சேர்ந்து வந்தால்தான் அர்த்தம்.

ஒயின் பாட்டிலில் அடைத்த அன்று மாடி அறைக்காரர் வீட்டிலிருந்த எல்லோருக்கும் ஊற்றினார். நல்ல மனிதர், முதல் கோப்பையை எனக்குத்தான் தந்தார். "உங்களுக்கு இதுல நல்லா விவரம் தெரியுதே, எப்படி?" என்று கேட்டார். புத்தகத்தில் படித்தேன் என்று சொல்ல வாய்வரை வந்தது. அப்படித்தான் பத்து வருடமாகப் பல்கலைக்கழகங்களில் சொல்லி வந்திருக்கிறேன். அன்று சொல்லவில்லை. "எங்க ஆயா ஊறல் போடுவாங்க. கேஸ்ல ஜெயிலுக்குப் போனாங்க" என்றேன். சிறிது நேரம் யாரும் பேசவில்லை. அவர் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, "ஜெயிலுக்கா?" என்று மட்டும் கேட்டார்.

இரவு அம்மாவிடம் போனில் நடந்ததைச் சொன்னேன். "ஏண்டி, அவ்ளோ தூரம் போயும் அந்தக் கருமத்தையா பேசிட்டு வந்த?" என்றாள். பிறகு கொஞ்சம் பொறுத்து, "அந்தாளு மேல கேஸ் போட மாட்டாங்களா?" என்று கேட்டாள்.

மாட்டாங்க என்றேன். அவள் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை.