தீவுக்குப் போறீங்களா? லேகியத்தை நம்பாதீங்க!

"டாக்டர், மொரீஷியஸ் போறோம். கொசு கடிச்சாலும் காய்ச்சல் வராம இருக்க நல்ல லேகியமா ஒண்ணு கொடுங்க!"

என் கிளினிக்குக்கு வந்த ஒரு தம்பதி இப்படித்தான் ஆரம்பித்தார்கள். கணவருக்கு 64 வயது. 12 வருஷமாக சர்க்கரை, கூடவே ரத்த அழுத்தம். மகள் குடும்பம் அங்கே இருக்கிறது. ஜனவரி கடைசியில் தைப்பூசம். மகளுக்குக் குழந்தை பிறந்தால் அந்த ஊர் முருகனுக்குப் பால் காவடி எடுப்பதாக வேண்டுதலாம். பேத்தி பிறந்து விட்டாள்!

"அப்படி ஒரு லேகியம் என்கிட்டே இல்லீங்க சார்" என்றேன்.

அந்த அம்மாவின் முகம் சுருங்கி விட்டது. "சித்த வைத்தியர் நீங்களே இப்படிச் சொன்னா எப்படி?"

அதற்கு மேல் ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார் கணவர். "அந்தப் பத்து நாளும் இங்கிலீஷ் மாத்திரையை நிறுத்திடலாம்னு இருக்கேன். உங்க சூரணம் மட்டும் போதுமில்லையா?"

போதாது! 30 வருஷமாக மூலிகையோடு புழங்குகிற நான்தான் சொல்கிறேன். தீவுப் பயணத்தில் உடம்பைக் காப்பாற்றப் போவது சூரணப் பொட்டலம் அல்ல. முன்யோசனைதான்!

அங்கே இப்போ என்ன காலம்?

மொரீஷியஸ் பூமத்திய ரேகைக்குத் தெற்கே இருக்கிறது. காலம் நமக்குத் தலைகீழ். நாம் மார்கழி, தை மாதங்களில் போர்வைக்குள் சுருண்டிருக்கும்போது அங்கே கொளுத்தும் கோடை. ஜனவரி மூன்றாவது வாரத்தில் சூரியன் ஏறக்குறைய அந்தத் தீவின் உச்சந்தலைக்கு நேராக நிற்கிறான். மழை, புயல், கொசு எல்லாம் நவம்பரிலிருந்து ஏப்ரல் வரையில்தான் அதிகம். வெறும் சுற்றுலா என்றால் ஜூனிலிருந்து செப்டம்பருக்குள் போவது உத்தமம். அப்போது மலைப்பக்க ஊர்களில் மாலையில் ஸ்வெட்டர் கூடத் தேவைப்படும்!

தைப்பூசத்துக்குத்தான் போக வேண்டும் என்கிறவர்கள் கையில் நாலைந்து நாள் மருந்தைக் கூடுதலாக வைத்துக் கொள்ளுங்கள். 2024 ஜனவரியில் 'பெலால்' புயல் வந்து, தலைநகர் போர்ட் லூயி வெள்ளக்காடானது. விமான நிலையத்தையும் மூடினார்கள். அங்கே புயல் எச்சரிக்கையை ஒன்றிலிருந்து நாலு வரை 'கிளாஸ்' என்று சொல்வார்கள். மூன்று என்று அறிவித்தால் வெளியே தலை காட்டாதீர்கள்.

மருந்துப் பை

தினம் சாப்பிடுகிற சர்க்கரை, பிரஷர், இதய மாத்திரைகளை ஒருநாளும் நிறுத்தக் கூடாது. அங்கே நேரம் நம்மைவிட ஒன்றரை மணி பின்னால், அவ்வளவுதான். இன்சுலின் போடுகிறவர்கள் அதைக் கைப்பையில் வையுங்கள். பெரிய பெட்டியில் போட்டால் விமானத்தின் அடிவயிற்றில் உறைந்து கெட்டுப் போகலாம். மாத்திரைகளை அட்டையோடு, டாக்டர் சீட்டோடு கொண்டு போங்கள். தூக்க மாத்திரை, டிரமடால், கோடீன் கலந்த இருமல் மருந்து இவற்றுக்கெல்லாம் அங்கே கெடுபிடி அதிகம். கிளம்புவதற்கு முன்பே தூதரகத்தில் விசாரித்து விடுங்கள்.

சரி, நம்ம மருந்து? என் அசட்டுத்தனத்தையும் சொல்லி விடுகிறேன். முதல் தடவை நான் வெளிநாடு போனபோது கடுக்காய்ப் பொடியையும் திரிகடுகு சூரணத்தையும் பேப்பரில் மடித்து எடுத்துப் போனேன். சுங்க அதிகாரி ஒவ்வொரு பொட்டலமாகப் பிரித்து, முகர்ந்து, என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இது ஜீரணத்துக்கு" என்று வயிற்றைத் தடவித் தடவிக் காட்டினேன். இரண்டு மணி நேரம் போச்சு! தப்பு அவர் மேல் இல்லை. பெயர் எழுதாத பொடி எதுவாக இருந்தால் அவருக்கென்ன?

ஆகவே பொட்டலம் வேண்டாம். விதை, வேர், பச்சிலை வேண்டவே வேண்டாம்; அனுமதி இல்லாமல் அவற்றை உள்ளே விட மாட்டார்கள். பற்பம், செந்தூரம் எல்லாம் வைத்தியர் கண் பார்வையில் சாப்பிட வேண்டியவை. ஊர் சுற்றும்போது அதெல்லாம் எதற்கு? குமட்டலுக்குச் சுக்கு மிட்டாய், கம்பெனி லேபிளோடு ஒரு டப்பா. போதும்.

வெறுங்காலும் தார் ரோடும்

மொரீஷியஸில் தைப்பூசம் அரசாங்க விடுமுறை. ரூபாய் நோட்டிலேயே தமிழ் எழுத்து இருக்கும். பார்க்கும்போது மனசு குளிர்ந்து விடும். ஆனால் கால் குளிராது! உச்சி வெயிலில், கொதிக்கிற தார் ரோட்டில், வெறுங்காலோடு காவடி.

நம்ம பெரியவரின் பாதத்தில் பஞ்சால் தொட்டுப் பார்த்தேன். பல இடங்களில் அவருக்குத் தெரியவே இல்லை. பல வருஷ சர்க்கரை செய்கிற வேலை இது. சூடு பட்டால் மற்றவர் துள்ளிக் குதிப்பார். இவரோ பக்திப் பரவசமாக நடந்து கொண்டே இருப்பார். ராத்திரி பார்த்தால் உள்ளங்கால் முழுக்கக் கொப்புளம். அது புண்ணாகி, ஆறாமல் விரலையே எடுக்கும்படி ஆனவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

"நேர்த்திக்கடன் டாக்டர்..." என்றார். குரல் கம்மி விட்டது.

"பேத்தியைத் தூக்கிட்டு நடக்கறதுக்குக் கால் வேணுமில்லையா சார்? முருகன் செருப்பைப் பார்த்துக் கோவிச்சுக்க மாட்டான்" என்றேன். நேர்த்திக்கடனைக் கேலி பேசுகிறவன் அல்ல நான். சர்க்கரை உள்ளவர்கள் விரதம் இருப்பதானாலும் முதலில் உங்கள் டாக்டரிடம் மாத்திரை அளவை மாற்றிக் கேட்டுக் கொள்ளுங்கள். வெறும் வயிற்றில் மாத்திரை போட்டால் சர்க்கரை இறங்கி மயங்கி விழ நேரும்.

கடலில் இறங்கும்போது

பவளப் பாறை அரண் போட்டதுபோல் தீவைச் சுற்றி இருக்கிறது. அதற்கு உள்ளே இருக்கிற தண்ணீர் குளம் மாதிரி. ஆனால் தெற்கே கிரி கிரி பக்கம் அந்த அரண் கிடையாது. அங்கே பார்த்து ரசியுங்கள், இறங்காதீர்கள். எங்கே இறங்கினாலும் ரப்பர் ஷூ கட்டாயம். கல்லோடு கல்லாகக் கிடக்கும் கல்மீன் முள் குத்தினால் உயிர் போகிற வலி. தாங்குகிற சூட்டில் வெந்நீரில் காலை வைத்துக் கொண்டே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். மஞ்சள் பத்துப் போட்டுக் கொண்டு உட்கார வேண்டாம்.

கொசு சமாச்சாரம்

2005, 2006-ம் வருஷங்களில் பக்கத்துத் தீவான ரீயூனியனைச் சிக்குன்குனியா படுக்க வைத்து விட்டது. மூன்று பேரில் ஒருவருக்கு! மொரீஷியஸும் தப்பவில்லை. 2025-ல் மறுபடியும் இரண்டு தீவிலும் தலைதூக்கியது. டெங்குவும் உண்டு. பரப்புவது வரி போட்ட பகல் கொசு. ராத்திரிக் கொசுவலை மட்டும் பிரயோஜனப்படாது. முழுக்கைச் சட்டை போடுங்கள். டீட் அல்லது பிகாரிடின் கலந்த களிம்பைத் தடவுங்கள். வேப்பெண்ணெய் கெடுதல் இல்லை. ஆனால் கொஞ்ச நேரந்தான் தாங்கும். கர்ப்பிணிகள், காய்ச்சல் பரவுகிற சமயமாக இருந்தால் பயணத்தையே தள்ளிப் போடுவது நல்லது.

இன்னொரு வேடிக்கை. நாம் கொசுவுக்குப் பயப்படுகிறோம். அவர்கள் நமக்குப் பயப்படுகிறார்கள்! மலேரியா ஒழிந்தது என்று 1973-ல் சான்றிதழ் வாங்கிய நாடு அது. இரண்டே வருஷத்தில் நோய் திரும்பி வந்தது. மறுபடி பாடுபட்டு விரட்டினார்கள். அதனால் நம்மைப் போன்ற மலேரியா உள்ள நாட்டுக்காரர்கள் தங்கும் இடத்துக்கே சுகாதார ஊழியர் வந்து விரலில் ரத்தம் எடுப்பதுண்டு. முகம் சுளிக்காமல் நீட்டுங்கள்.

திரும்பி வந்ததும்...

இரண்டு வாரத்துக்குள் காய்ச்சல் வந்தால் என்னிடம் நிலவேம்புக் குடிநீர் கேட்டு வராதீர்கள். முதலில் ரத்தப் பரிசோதனை. தீவுக்குப் போய் வந்ததை டாக்டரிடம் சொல்லுங்கள். டெங்கு இல்லை என்று தெரிகிறவரை பாரசிட்டமால் தவிர வேறு வலி மாத்திரை கூடாது. காய்ச்சல் விட்டதே என்று மெத்தனமாக இருக்காதீர்கள். அந்தச் சமயத்தில் வயிற்று வலி, ஓயாத வாந்தி, ரத்தக் கசிவு தெரிந்தால் உடனே ஆஸ்பத்திரிதான். குடிநீர் துணைக்கு வரலாம். டாக்டருக்குப் பதிலாக வர முடியாது. இதைச் சொல்வதால் என் வைத்தியத்துக்குக் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை. எது தன்னால் முடியாது என்று தெரிந்தவன்தான் வைத்தியன்.

அந்தத் தம்பதி லேகியம் இல்லாமலே கிளம்பினார்கள். வாசல் வரை போன பெரியவர் திரும்பி, "தடியா சாக்ஸ் போட்டுக்கலாமா டாக்டர்? சாக்ஸ் செருப்பு ஆகாதே?" என்றார்.

பாதி வழிக்கு வந்து விட்டார்! "ஈரமாயிட்டா அதுவும் சுடும் சார். செருப்புதான் நல்லது. அப்படியும் மனசு ஒப்பலைன்னா, வெயில் ஏறுறதுக்கு முன்னால, கோயில் வாசலுக்குக் கிட்டே இருந்து நாலே அடி நடங்க. ராத்திரி மக உள்ளங்காலை விளக்கு வெளிச்சத்துல பார்க்கட்டும்" என்றேன்.

உங்களுக்கும் அதேதான். சந்தோஷமாகப் போயிட்டு வாங்க. வந்ததும் பாதத்தை ஒரு தரம் திருப்பிப் பாருங்க!