லோக்கல்னா அவ்ளோ கேவலமா?

போன வாரம் பர்கூர் கடைவீதியில வாட்ச் கேட்டேன். "ஒரிஜினலா, லோக்கலா?"ன்னார் கடைக்காரர். ஒரிஜினல்னு அவர் காட்டினது டைட்டன். அடப்பாவிகளா, டைட்டன் தொழிற்சாலை 1980கள்ல இருந்தே ஓசூர்லதான இருக்கு! லோக்கல்னு நீட்டினதுல எந்த ஊர்ல செஞ்சதுன்னே போடலை. அதாவது நம்ம மாவட்டத்துல செய்யறது ஒரிஜினல், ஊர் பேர் தெரியாதது லோக்கல். என்னா கணக்குய்யா இது!

லத்தீனில் 'லோகஸ்' என்றால் இடம். அதிலிருந்து வந்த லோக்கலுக்கு 'அந்த இடத்துக்குரிய' என்றுதான் பொருள். இங்கிலாந்துக்காரன் வீட்டுப் பக்கத்து மதுக்கடையைப் பாசமாக 'என் லோக்கல்' என்பான். நம்ம கையில் சிக்கியதும் போலி, மட்டம், நாகரிகம் இல்லாதவன் எல்லாம் ஆகிவிட்டது. போதாக்குறைக்கு 'தர லோக்கல்' வேற. (நாட்டுக்கோழிக்கு மட்டும் பிராய்லரை விட விலை கூட. அது லோக்கல் இல்லையாக்கும்!)

வார்த்தைன்னா அர்த்தம் மாறத்தான் செய்யும், 'நாற்றம்' கூட ஒரு காலத்தில் நறுமணம்தானே என்று சிலர் வருவார்கள். சரிங்க சாமி, நாற்றம் மாறியதில் எந்த மனுஷனுக்கும் நஷ்டமில்லை. இதில் இருக்கு. பெங்களூரில் வேலைக்குச் சேர்ந்த புதுசுல, போனில் "வந்துகினு இருக்கேன்"னு சொன்னேன். பக்கத்து சீட்டுக்காரன், அவனும் தமிழன்தான், "ரொம்ப லோக்கலா பேசற மச்சி"ன்னு சிரிச்சான். வெக்கப்பட்டு அன்னைக்கே 'வந்துட்டு'ன்னு மாத்திக்கிட்ட அறிவாளி நான். இப்போ அம்மாகிட்ட பேசினாலும் அதுதான் வாயில வருது. "யார்ரா சொல்லிக்குடுத்தது?"ன்னு கேக்கறாங்க.