ரகுநாதனுக்கு நாம் பட்ட கடன்

பருத்தி விளைவிப்பவன் பசியோடிருக்கிறான். துணி நெய்பவன் கந்தை உடுத்தியிருக்கிறான். இந்த அநியாயத்தை மேடையில் பேசியவர்கள் பலர். அதை ஒரு நாவலாக எழுதி மக்கள் கையில் கொடுத்தவர் நம் திருநெல்வேலிச் சீமையில் பிறந்த ஒரு பத்திரிகையாளர். அவர்தான் தொ.மு. சிதம்பர ரகுநாதன். 'பஞ்சும் பசியும்' அவருடைய நாவல்.

ரகுநாதன் 1923-ல் திருநெல்வேலியில் பிறந்தார். 1942 ஆகஸ்டுப் போராட்டம் அவரைச் சிறைக்கு அனுப்பியது. வெளியே வந்தவர் பேனாவைப் பிடித்தார். 1944-ல் 'தினமணி'யில் உதவி ஆசிரியர். 1946-ல் 'முல்லை' என்ற இலக்கியப் பத்திரிகையில் வேலை. ஆசிரியராக, எழுத்தாளராக, மொழிபெயர்ப்பாளராக வாழ்நாள் முழுவதும் எழுத்தையே நம்பி நின்றார்.

எழுத்தை நம்பியவன் கதி என்னவென்பதை அவர் கண்ணெதிரே கண்டவர். அவருடைய நண்பரும், தமிழ்ச் சிறுகதையின் சிகரமுமான புதுமைப்பித்தன் 1948-ல் காசநோய்க்கு இரையானார். நண்பனுக்காக அழுததோடு ரகுநாதன் நின்றுவிடவில்லை. சிதறிக் கிடந்த எழுத்துக்களைத் தேடிச் சேர்த்தார். 1951-ல் 'புதுமைப்பித்தன் வரலாறு' எழுதினார். ஒரு தோழன் செய்ய வேண்டிய வேலை இதுவல்லவா?

1952-ஆம் ஆண்டை முதிய நெசவாளிகளின் குடும்பங்கள் இன்னும் மறக்கவில்லை. நூல் விலை கைக்கு எட்டவில்லை. நெய்த துணி விற்கவில்லை. தறிகள் நின்றன. ஊருக்கெல்லாம் உடுப்பு நெய்தவர்கள் தெருவில் இறங்கிக் கையேந்தினார்கள். அந்த நெருப்பிலிருந்து பிறந்ததுதான் 'பஞ்சும் பசியும்'. நூல் வியாபாரியின் லாபம், கடன்காரனின் பிடி, அடுப்பெரியாத வீடு, கடைசியில் ஒன்றுசேர்ந்து எழுந்து நிற்கும் உறுதி - எல்லாம் அதில் உண்டு. நெசவாளியைப் பரிதாபப்பட வேண்டிய ஏழையாக மட்டும் அவர் காட்டவில்லை. தன் துன்பத்தின் காரணத்தைத் தெரிந்துகொள்ளும் மனிதனாகக் காட்டினார். கடல் கடந்த செக் நாட்டாரும் அந்த நாவலைத் தங்கள் மொழியில் பெயர்த்துப் படித்தார்கள்.

தொழிலாளியைப் பற்றி எழுதினால் அது பிரசாரம், இலக்கியமல்ல என்று சொல்லும் பண்டிதர்கள் அன்றும் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள். காதலும் கண்ணீரும் இலக்கியமாகலாம். கூலியும் கடனும் மட்டும் ஆகக்கூடாதாம்! என்ன நியாயம் இது? பாவில் ஓர் இழை அறுந்தாலும் துணியில் பழுது தெரியும். அதை நெசவாளி அறிவான். எழுத்தும் அப்படித்தான் என்பதை ரகுநாதன் அறிந்திருந்தார். கொள்கை சரியாக இருந்தால் எழுத்து எப்படி இருந்தாலும் போதும் என்று அவர் நினைத்ததில்லை. 'இலக்கிய விமரிசனம்' எழுதிய கை அது. பாரதியை ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்த கை அது. 'பாரதி: காலமும் கருத்தும்' என்ற அவருடைய நூலுக்கு 1983-ல் சாகித்திய அகாதமி பரிசு கிடைத்தது. மாக்சிம் கார்க்கியின் 'தாய்' நாவலைத் தமிழுக்குக் கொண்டுவந்தவரும் அவரே.

கார்க்கியின் குரல் எட்டாத நாடில்லை. அயர்லாந்தின் மேற்குக் கரையில் கல்லும் கடலுமான கொனமாரா என்ற பகுதியில் 1906-ல் பிறந்தவர் மார்ட்டின் ஓ கைன். ஏழை விவசாயிகள் பேசிய ஐரிஷ் மொழியிலேயே எழுதியவர். அந்த மக்களுக்கு நிலம் கேட்டுப் போராடியவர். இரண்டாம் உலக யுத்த காலத்தில் ஆண்டுக்கணக்கில் காவலில் வைக்கப்பட்டவர். கார்க்கியின் கதையொன்றைப் பிரெஞ்சு மொழியில் படித்தபோதுதான், தன் ஊர் மக்களைப் பற்றித் தானும் எழுத முடியும் என்ற துணிவு அவருக்கு வந்தது. பொருநைக் கரைக்கும் கொனமாராவுக்கும் எவ்வளவு தூரம்! ஆனால் உழைப்பவனின் மொழியில் உழைப்பவனின் வாழ்வை எழுத வேண்டும் என்ற எண்ணம் ஒன்றே.

1954-ல் ரகுநாதன் 'சாந்தி' என்ற பத்திரிகையைத் தொடங்கினார். சுந்தர ராமசாமி, டி. செல்வராஜ் போன்ற இளைஞர்களுக்கு அது களமாயிற்று. நிலத்தில் பாடுபடும் மக்களின் போராட்டத்தை 'மலரும் சருகும்' என்ற நாவலாகப் பின்னாளில் எழுதியவர் இந்தச் செல்வராஜ்தான். ஒரு பத்திரிகை விதைத்தது எங்கெல்லாம் முளைக்கிறது பாருங்கள்! ஆனால் 'சாந்தி' 1956-க்கு மேல் நடக்கவில்லை. பணமூட்டை பின்னால் இல்லாத பத்திரிகைக்கு வாசகனே மூலதனம். வாசகன் கைவிட்டால் அச்சுக்கூடம் நிற்கும்.

2001 டிசம்பர் 31-ல் ரகுநாதன் மறைந்தார். அவர் சேர்த்த நூல்கள் பாரதி பிறந்த எட்டயபுரத்தில் நூலகமாக இருக்கின்றன. ஆனால் அவர் யாருக்காக எழுதினாரோ அவர்கள் வீட்டில் அவர் புத்தகம் இருக்கிறதா? வீரவநல்லூரிலும் கல்லிடைக்குறிச்சியிலும் தறிச்சத்தம் ஓய்ந்துவரும் தெருக்களில் வளரும் பிள்ளைகளுக்கு, தங்கள் தாத்தாமார் பட்ட பாடு ஒரு நாவலில் இருக்கிறதென்று யார் சொன்னார்கள்?

சிலை வைப்பது சுலபம். மாலை போடுவது அதைவிடச் சுலபம். நாம் கேட்பது வேறு. ஒவ்வொரு சங்க அலுவலகத்திலும் 'பஞ்சும் பசியும்' ஒரு பிரதி இருக்கட்டும். வாரத்தில் ஒருநாள், ஷிப்டு முடிந்த பிறகு, நடவு முடிந்து வந்த பிறகு, எழுதப் படிக்கத் தெரிந்த ஒருவர் உரக்கப் படிக்கட்டும், மற்றவர்கள் கேட்கட்டும். கேட்டவர்களில் ஒரு பெண், ஓர் இளைஞன், "எங்கள் மில்லில் நடப்பதை நானும் எழுதுவேன்" என்று எழுந்தால், அவருக்குக் காகிதமும் ஊக்கமும் கொடுங்கள்.

ரகுநாதன் தம் கடனைச் செய்துவிட்டார். மீதியிருப்பது நம் கடன்.