உமி கொண்டு வந்த கூட்டாளி

"நீ அரிசி கொண்டு வா, நான் உமி கொண்டு வருகிறேன், இருவரும் ஊதி ஊதித் தின்போம்" என்று கூட்டு வியாபாரம் பேசியவனை நமக்கெல்லாம் தெரியும். உமிக்காரன் ஏமாற்றுக்காரன் என்றுதான் இதுவரை தீர்ப்பு. சிமெண்டு விஷயத்தில் அந்தத் தீர்ப்பைக் கொஞ்சம் மாற்ற வேண்டியிருக்கிறது.

மன்னார்குடிப் பக்கத்தில் என் பெரியப்பா வீட்டுக்கு அடுத்தாற்போல் ஒரு நெல் ஆலை. நெல் அவிக்க உமியைத்தான் எரிக்கிறார்கள். காற்று திரும்பினால், பெரியம்மா கொடியில் உலர்த்திய துணியெல்லாம் கறுப்புப் பொட்டு வைத்துக்கொள்ளும். சென்ற தை மாதம் நான் போயிருந்தபோது பெரியப்பா மாடியில் ஓர் அறை கட்ட ஏற்பாடு செய்துகொண்டிருந்தார்.

"உமிச் சாம்பலைச் சிமெண்டோடு கலக்கலாமாமே, தம்பி! ஆலையில் சும்மாவே கொடுக்கிறார்கள். தளத்துக்கே போட்டுவிடலாமென்று பார்க்கிறேன்" என்றார்.

எனக்குத் திக்கென்றது. அவர் கேள்விப்பட்டது பொய்யல்ல, ஆனால் பாதிதான்.

நெற்பயிர் மண்ணிலிருந்து ஸிலிகாவை உறிஞ்சி உமியில் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. மணலில் இருப்பதும் அதே சரக்குதான். உமி சொரசொரவென்று இருப்பது அதனால்தான். நூறு கிலோ நெல்லில் உமி ஏறத்தாழ 20 கிலோ. அதை எரித்தால் சாம்பல் நாலு கிலோ தேறும். நன்றாக எரிந்த சாம்பலில் நூற்றுக்கு 85 முதல் 95 பங்கு வரை ஸிலிகா!

சிமெண்டு தண்ணீருடன் சேர்ந்து இறுகும்போது, பிடித்து வைக்கும் பசையோடு சுண்ணாம்பும் உண்டாகிறது. நாம் வெற்றிலையில் தடவுகிறோமே, அதே சுண்ணாம்புதான். அது பலத்துக்கு அதிகம் உதவாமல் உள்ளே சும்மா கிடக்கும். உமிச் சாம்பல் அதோடு கூடி, மேலும் பசையாக்கிவிடுகிறது. கான்கிரீட்டின் நுண்துளைகள் அடைபடுகின்றன. உப்புத் தண்ணீர் எளிதில் புக முடிவதில்லை. எரிமலைச் சாம்பலைச் சுண்ணாம்போடு கலந்து ரோமாபுரியார் கட்டியதும், நம் கொத்தனார்கள் செங்கல் தூளைக் கலந்து சுர்க்கி அரைத்ததும் இதே சூட்சுமந்தான். சிமெண்டைக் குறைத்தால் அதன் சூளைகள் கக்கும் கரியமில வாயுவும் குறையும் என்பது உபரி லாபம்.

ஆனால் எரிக்கிற பக்குவத்தில்தான் எல்லாம் இருக்கிறது. கலிபோர்னியாவில் பெர்க்கிலி சர்வகலாசாலைப் பேராசிரியர் பி. குமார் மேத்தா 1970-களில் இதைத்தான் ஆராய்ந்தார். சூடு சுமார் 700 டிகிரி ஸென்டிகிரேடுக்குள் அடங்கியிருந்தால் ஸிலிகா துடிப்போடு இருக்கும். மிஞ்சினால் படிகமாகி, மணலைப்போல் எதோடும் ஒட்டாமல் போய்விடும். காற்றுப் போதாவிட்டாலோ கரி தங்கிவிடும். கறுத்த சாம்பல் தண்ணீரை மடமடவென்று குடிக்கும். கொத்தனார் மேலும் தண்ணீர் விடுவார். தளம் பலம் இழக்கும். வெளுத்த சாம்பல் என்பதாலும் நம்பிவிட முடியாது; படிகமானதும் வெளுப்பாக இருக்கும். நல்ல சாம்பலையும் மாவாக அரைத்து, சிமெண்டில் 10, 15 சதவீதத்துக்குப் பதிலாகச் சேர்ப்பதே வழக்கம்.

கான்கிரீட் வேலைக்கான இந்தியத் தர விதி (ஐ.எஸ். 456, 2000-ஆம் ஆண்டு) உமிச் சாம்பலை அனுமதிக்கத்தான் செய்கிறது. ஆனால் ஒவ்வோர் இடத்துச் சாம்பலையும் சோதித்த பிறகே. சோதிக்காமல் போட்டால் வண்டல் கலந்தது போலக் கெடுதல் செய்யக்கூடும் என்று எச்சரித்தும் இருக்கிறது.

இத்தனையும் சொல்லி முடித்தேன். பெரியப்பா ஆலைச் சாம்பலில் ஒரு பிடி அள்ளி வரச் சொல்லி, உள்ளங்கையில் தேய்த்துப் பார்த்தார். கை அட்டக் கரி!

"சரிதான், தளத்துக்குச் சிமெண்டே இருக்கட்டும்" என்றார்.

"அப்படியானால் இந்தச் சாம்பல்?" என்றேன்.

"அதுதான் தினமும் என் புடைவைக்கு வந்து சேர்கிறதே!" என்று உள்ளேயிருந்து பெரியம்மாவின் குரல் வந்தது.