சால்மன் மீனின் விலை

வெள்ளிக்கிழமைச் சுத்தபோசனத்திற்கு மேலைநாட்டுக் கத்தோலிக்க இல்லங்கள் நாடும் மீன்களுள் சால்மனும் ஒன்று. நம் கடலின் காலா மீனையும் 'இந்திய சால்மன்' என்று அழைப்பதுண்டு. ஆயினும் அவ்விரண்டும் வெவ்வேறு இனத்தவை.

சால்மன் ஆற்றில் பிறந்து, கடலில் வளர்ந்து, முட்டையிடப் பிறந்த ஆற்றுக்கே திரும்பும். அலாஸ்காவில் இயற்கையாக வளர்ந்த மீனையே பிடிக்கின்றனர். மீன்பண்ணைகளை அங்கு 1990இல் சட்டம் தடுத்துவிட்டது. பருவத்தில் மட்டுமே பிடிபடும் அம்மீனின் உயர்ந்த வகைகளுக்கு விலை மிகுதி. சிற்றிறால் போன்றவற்றைத் தின்பதால் அதன் தசை தானே சிவக்கிறது. பண்ணை மீனுக்கோ தீவனத்தில் நிறப்பொருள் சேர்க்க வேண்டும். சுவருக்குச் சாயம் தெரிவதுபோல், வண்ண அட்டையைப் பார்த்தே மீனின் நிறத்தையும் முடிவு செய்கின்றனர்! கடைகளில் 'அட்லாண்டிக் சால்மன்' என விற்கப்படுவது ஏறக்குறைய முழுவதும் பண்ணை மீனே. கொழுப்பு மிகுந்த அதன் மென்மையை விரும்புவோரும் பலர்.

கடலில் வலைக்கூண்டு அமைத்து இம்மீனை வளர்க்கும் தொழிலை 1970 அளவில் வெற்றிபெறச் செய்தது நார்வே. இன்றும் அதுவே முதலிடத்தில் உள்ளது. குஞ்சுகளுக்குத் தடுப்பூசி இடுவதால் நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளை அந்நாடு பெரும்பாலும் கைவிட்டது. கடற்பேன் தொல்லை மட்டும் தீர்ந்தபாடில்லை.

இரண்டாமிடம் பெற்ற சிலி நாட்டின் நிலை வேறு. சால்மன் அந்நாட்டுக் கடலுக்கே உரிய மீன் அன்று. குளிர்ந்த நீரும் குறைந்த கூலியும் அத்தொழிலை அங்கு ஈர்த்தன. ஆண்டுதோறும் நூற்றுக்கணக்கான டன் நுண்ணுயிர்க்கொல்லி மருந்து பண்ணைகளில் செலவாகிறது. 2007இல் பரவிய நச்சுயிரி நோயால் ஆயிரக்கணக்கான தொழிலாளர் வேலையிழந்தனர்.

இத்தொழில் வேரூன்றிய இடங்களுள் ஒன்று சிலோயே தீவு. இயேசு சபைக் குருக்கள் 17ஆம் நூற்றாண்டில் மறைப்பணி தொடங்கிய இத்தீவின் 16 மரக் கோவில்களை யுனெஸ்கோ 2000இல் உலகப் பாரம்பரியச் சின்னங்களாக ஏற்றது. அக்கோவில்களைச் சுற்றி வாழ்வோருள் சிப்பி சேகரிப்போரும் சிறுமீனவரும் பலர். 2016இன் தொடக்கத்தில் பாசிப் பெருக்கத்தால் சிலியின் பண்ணைகளில் ஏறத்தாழ 40,000 டன் சால்மன் மடிந்தது. அழுகியவற்றுள் சில ஆயிரம் டன்னைத் தீவுக்கு அப்பால் கடலில் கொட்டினர். சில வாரங்களில் செந்நீர்ப் பெருக்கால் சிப்பிகளில் நஞ்சேறி, அவற்றை எடுப்பது தடைசெய்யப்பட்டது. கொட்டிய மீனே காரணம் என்றனர் மீனவர். அரசு அமைத்த அறிஞர் குழு அதனை மறுத்தது. வேறு ஆய்வாளர் சிலர் மீனவர் பக்கம் நின்றனர். அரசு அறிவித்த உதவித்தொகை போதாதென்று மே மாதத்தில் மக்கள் சாலைகளை மறித்தனர்.

சிலியின் மீன் குறைந்த அவ்வாண்டில் உலகச் சந்தையில் சால்மன் விலை ஏறியது. நார்வேப் பண்ணையாளர் பெரும் இலாபம் ஈட்டினர்.