காடர் மொழி கொச்சைத் தமிழா?

வால்பாறைக்குச் சுற்றுலா சென்று திரும்பிய நண்பர் ஒருவர், “அங்கே காடர்கள் பேசுவது ஏதோ கொச்சைத் தமிழ்தானப்பா” என்றார். அவர் கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. ஆயினும் அச்சொல் என் நெஞ்சில் முள்ளாய்த் தைத்தது. அதன் விளைவே இக்கட்டுரை.

ஆனைமலையின் மழைக்காடுகளில் தொன்றுதொட்டு வாழ்ந்து வருபவர் காடர். அவர்கள் மொழி திராவிடக் குடும்பத்தது. தமிழுக்கும் மலையாளத்துக்கும் நெருங்கிய உறவுடையது. அதற்கெனத் தனி எழுத்து இல்லை. எழுத்து இல்லாத மொழியெல்லாம் கொச்சையாகிவிடுமா? நிலத்துக்கொரு வாழ்வு கண்டு, மலைக்குக் குறிஞ்சி என்று பெயரிட்ட நாமா இப்படிப் பேசுவது!

ஏர் பிடித்துப் பழகாத மக்கள் அவர்கள். கிழங்கு அகழ்ந்தும், ஓங்கிய மரங்களில் ஏறித் தேன் எடுத்தும் வாழ்ந்தவர்கள். காடர் இளைஞன் தான் மணக்கும் பெண்ணுக்கு மூங்கிலில் சீப்புச் செதுக்கிக் கொடுப்பான். அதில் நுணுக்கமான கோலங்கள் இழைத்திருப்பான். பொன்னும் பட்டும் கேட்டு மணமேடையை ஏலக்கடை ஆக்கிய நாம் அந்தச் சீப்பைச் சற்று எண்ணிப் பார்க்கலாம். சென்னைப் பல்கலைக்கழக மானிடவியல் அறிஞர் எரன்ஃபெல்ஸ் 1952-இல் கொச்சிப் பகுதிக் காடரைப் பற்றித் தனி நூலே வெளியிட்டார். அயல்நாட்டில் பிறந்தவருக்கு இருந்த அக்கறை இது.

சின்ன காஞ்சிபுரத்துத் தறிக்குழியில் வளர்ந்தவன் நான். உடலும் கரையும் வெவ்வேறு நிறமாக இருவர் சேர்ந்து நெய்வதைக் கோர்வை என்போம். கோர்வைத் தறி குறையக் குறைய, அந்தச் சொல்லைச் சொல்லும் வாயும் குறைகிறது. தொழில் போனால் சொல் எங்கே தங்கும்? காடு போனால் காடர் மொழிக்கும் அதே கதிதான். நம் மாவட்டத்து இருளரைப் பாருங்கள். நீலகிரிப் பக்கத்து இருளருக்கு இன்றும் தனிமொழி உண்டு. சமவெளியில் வாழும் நம் அண்டை வீட்டார் தமிழே பேசுகின்றனர்.

காட்டை அவர்கள் தாமாக விட்டுவிடவில்லை. தேக்குக்காக வெட்டினார்கள், 1890-களில் தோட்டங்கள் போட்டார்கள், பிறகு அணைகள் வந்தன. 1956-இல் மாநில எல்லை அதே மலைமேல் விழுந்தது. இன்று கேரளக் காடர் ‘மிகவும் நலிவுற்ற பழங்குடி’ப் பட்டியலில் இருக்கின்றனர், தமிழ்நாட்டுப் பட்டியலிலுள்ள ஆறு குடிகளில் காடர் இல்லை. மலைக்கு அப்பால் நலிந்தவன், இப்பால் வந்ததும் செழித்துவிடுகிறானா?

2019 ஆகஸ்ட் மழையில் கல்லார்குடியில் நிலம் சரிந்தது. குடியிருப்பை இழந்த காடர்களைத் தேயிலைத் தோட்டத்து லயன் வீடுகளில் தங்க வைத்தனர். வனஉரிமைச் சட்டம் 2006-லேயே வந்துவிட்டது. இருந்தும் அருகிலுள்ள தெப்பக்குளமேட்டில் குடியேற அவர்கள் நெடுநாள் போராட வேண்டியிருந்தது. தோட்டத்தில் இடம் கொடுத்த பிறகும் காடே வேண்டும் என்று ஏன் அடம் பிடித்தார்கள் எனக் கேட்பார் உண்டு. லயன் வீட்டு வாசலில் நின்று ஒரு தகப்பன் தன் மகனுக்கு எந்தக் கிழங்கைக் காட்டி, எந்தப் பெயரைச் சொல்லிக் கொடுப்பான்?

அவர்களுடைய பிள்ளைகளுக்குத் தொடக்கப் பள்ளியில் முதல் இரண்டு ஆண்டுகளாவது வீட்டு மொழியில் கதையும் கணக்கும் சொல்லித்தர வேண்டும் என்பது என் கருத்து. அதற்குக் காடர் குலத்துப் பெண்களையே ஆசிரியத் துணைவராக அமர்த்தலாம். எழுதுவதற்குத் தமிழ் எழுத்தே போதும். நம் எழுத்தை இரவல் கொடுப்பதால் நமக்கொன்றும் குறைந்துவிடாது.

நண்பரிடம் இவ்வளவும் சொன்னேன். “அடுத்த முறை போனால் சீப்பு ஒன்று வாங்கி வருகிறேன்” என்றார். அது விற்பதற்குச் செய்வதல்ல என்றேன்.